சீட்டாட்டமும் ஒரு கணக்கு நோட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "ஏதாவது பேசுப்பா, இருபது நிமிஷம்" என்றார். "சரிங்க அண்ணா, போக்கர் பத்திப் பேசுறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "சீட்டாட்டமாப்பா? பிரின்சிபால் முன் வரிசையில உக்காந்திருப்பாரே!" நான் என்ன பேசப் போகிறேன் என்று விளக்கமாகச் சொன்ன பிறகு, "அப்படின்னா கட்டாயம் பேசு" என்று சம்மதித்தார். ஆகவே முன் வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது சீட்டாட்டத்துக்கு விளம்பரம் இல்லை. ஒரு திருத்தம்.

என்ன திருத்தம்? 2018 ஜனவரியில் இதே கல்லூரியில் நாம் சந்தித்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பழைய ஹாஸ்டல் மொட்டை மாடியில் பத்திருபது பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நான் அப்போது அமெரிக்காவில் வேலையில் இருந்தேன். ஒரு சீட்டாட்டக் கூடத்தில் ஆறு மாதம் போக்கர் ஆடி 1,150 டாலர் ஜெயித்திருந்தேன். அதை எல்லோரிடமும் சொன்னேன். "இது சூதாட்டம் இல்லடா, கணக்கு. புராபபிலிட்டி தெரிஞ்சவன் தோக்க மாட்டான்" என்று பெரிய ஆள் மாதிரி பேசினேன். சுற்றியிருந்த ஜூனியர் பையன்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நான் சொன்னதை அப்படியே நம்பினார். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், அன்றைக்கு நான் சொன்னதில் எது சரி, எது தப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஆட்டம். நமக்கு ரம்மி தெரியும், மூணு சீட்டு தெரியும். போக்கரில் பல வகை உண்டு. நான் ஆடியது டெக்சாஸ் ஹோல்டெம். 52 சீட்டு. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மூடியபடி கொடுப்பார்கள். பிறகு மேசை நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று என்று ஐந்து பொதுச் சீட்டுகளைத் திறந்து வைப்பார்கள். கையில் உள்ள இரண்டும் மேசையில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில், சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு நடுவில் சேர்ந்திருக்கும் பணம். இடையில் நான்கு தடவை பந்தயம் கட்டலாம். மற்றவர் கட்டியதற்கு ஈடு கட்ட இஷ்டமில்லை என்றால், ரம்மியில் ஸ்கூட் விடுவது போல் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடலாம்.

காசினோவில் உருளும் சக்கரத்துக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சக்கரத்தில் நாம் கடைக்காரனை எதிர்த்து ஆடுகிறோம். அங்கே விகிதமே அவன் பக்கம்தான். போக்கரில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களோடு ஆடுகிறோம். கடைக்காரன் கட்டணம் மட்டும் எடுத்துக்கொள்வான். ஆகவே மற்றவர்களைவிட நன்றாக ஆடினால் லாபம் வரும் என்பது உண்மைதான். மொட்டை மாடியில் நான் சொன்னதில் அந்தப் பகுதி சரி. சாதாரண ஆட்கள் நம்பிய விஷயமும் இல்லை இது. கணித மேதை ஜான் வான் நியூமன் 1928-இல் ஆட்டங்களைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1944-இல் ஆஸ்கார் மார்கென்ஸ்டர்னுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். இன்று பொருளாதாரத்தில் படிக்கும் கேம் தியரி அங்கிருந்து வளர்ந்ததுதான்.

சரி, லாபம் எங்கிருந்து வருகிறது? நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆடாமல் இருப்பது. கையில் வரும் இரண்டு சீட்டு மொத்தம் 1,326 விதமாக வரலாம். அதில் இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 6 விதம்தான். அதாவது 221 தடவைக்கு ஒரு தடவை. நல்ல சீட்டு அபூர்வம். ஒன்பது பேர் உட்காரும் மேசையில் நிதானமாக ஆடுகிறவர் ஐந்தில் நான்கு தடவை தொடக்கத்திலேயே சீட்டைக் கவிழ்த்துவிடுவார். சினிமாவில் வருவது போல் ஒவ்வொரு ஆட்டத்திலும் மோதல் இருக்காது. ரயில்வே கேட்டில் நிற்பது போல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வாரம் முழுக்க வேலை பார்த்து அலுத்து, அரை மணி கார் ஓட்டிப் போய், சும்மா உட்கார யாருக்கு மனசு வரும்? அந்த மனசு வராதவர்கள்தான் மற்றவர்களுக்கு லாபம் தருகிறவர்கள்.

இரண்டாவது, விலை பார்ப்பது. ஒரு கணக்கு போடுவோம். என் கையில் இரண்டு இஸ்பேட். மேசையில் நான்கு சீட்டு திறந்தாயிற்று, அதில் இரண்டு இஸ்பேட். இன்னும் ஒரு இஸ்பேட் வந்தால் ஐந்து சேர்ந்துவிடும். ஜெயித்துவிடுவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 100 டாலர் இருக்கிறது. எதிராளி 50 டாலர் கட்டுகிறார். நான் ஈடு கட்டலாமா?

நான் பார்க்காத சீட்டு 46. அதில் இஸ்பேட் 9. ஆக வாய்ப்பு 46-க்கு 9, அதாவது நூற்றுக்கு 20-க்கும் சற்றுக் குறைவு. நான் 50 கொடுத்து, ஏற்கெனவே அங்கிருக்கும் 150-க்காகப் போட்டியிடுகிறேன். கொடுக்கும் 50, சேரும் 200-இல் கால் பங்கு. அப்படியானால் எனக்கு நூற்றுக்கு 25 வாய்ப்பாவது வேண்டும். இருப்பது 20. வாங்கும் பொருளைவிட விலை அதிகம், கவிழ்த்துவிட வேண்டும். பின்னால் இன்னும் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே யோசிக்கலாம். பிடிவாதமாகக் கட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் சராசரியாக 11 டாலர் நஷ்டம். ஆனால் ஐந்தில் ஒரு தடவை இஸ்பேட் வந்து 150 டாலர் கைக்கு வரும். அந்த ஒரு தடவை மட்டும் மனசில் ஆழமாகப் பதிந்துவிடும். மற்ற நான்கு தடவையும் மறந்துபோகும். மனித மூளை இப்படித்தான் கணக்கு எழுதுகிறது.

மூன்றாவது, உட்காரும் இடம். கடைசியாக முடிவெடுக்கிறவருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியும். முதலில் முடிவெடுக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதே சீட்டு கடைசி இடத்தில் லாபம் தரும், முதல் இடத்தில் நஷ்டம் தரும். டெண்டர் போடுகிற நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, ப்ளஃப். கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பது போல் காட்டிப் பந்தயம் கட்டுவது. எல்லோரும் இதை நடிப்பு என்று நினைக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி, கல் மாதிரி முகம். வான் நியூமன் காட்டியது வேறு. ப்ளஃப் என்பது துணிச்சல் அல்ல, ஒரு விகிதம். கடைசிக் கட்டத்தில் நடுவில் 100 இருக்கும்போது நான் 100 கட்டினால், எதிராளி 100 கொடுத்து 200-க்காகப் பார்க்க வேண்டும். நான் எப்போதும் நல்ல சீட்டோடுதான் கட்டுவேன் என்றால் அவர் எப்போதும் ஒதுங்கிவிடுவார். என் நல்ல சீட்டுக்குப் பணமே வராது. எப்போதும் பொய்யாகக் கட்டினால் எப்போதும் பிடித்துவிடுவார். இரண்டு நல்ல சீட்டுக்கு ஒரு பொய் என்ற விகிதத்தில் கலந்தால், அவர் ஈடு கட்டினாலும் ஒன்றுதான், ஒதுங்கினாலும் ஒன்றுதான். ஆனால் நான் ஆடிய மலிவான மேசைகளில் ஒருவரும் ஒதுங்கவே மாட்டார்கள். அங்கே ப்ளஃபைக் குறைத்துக்கொள்வதுதான் லாபம். இது எனக்குப் புரிய எத்தனை நூறு டாலர் செலவாயிற்று என்று கேட்காதீர்கள்.

ஐந்தாவது, கடைக்காரன் கட்டணம். நான் ஆடியது கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுப்பணத்திலிருந்து கட்டணம் எடுப்பார்கள். சராசரி 4 டாலர் என்று வையுங்கள். மணிக்கு 30 ஆட்டம். ஆக ஒரு மணி நேரத்தில் மேசையை விட்டு 120 டாலர் வெளியே போய்விடுகிறது. ஒன்பது பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 13 டாலர். எல்லோரும் சம திறமையோடு ஆடினால், எல்லோரும் மணிக்கு 13 டாலர் தோற்பார்கள்! சராசரி ஆட்டக்காரனைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிறவனும் தோற்பான். லாபம் வர வேண்டுமானால் இந்தக் கட்டணத்தையும் தாண்டும் அளவுக்கு மற்றவர்களைவிட நன்றாக ஆட வேண்டும். மொட்டை மாடியில் இந்தக் கட்டணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கே அது உறைக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு 2018 ஜனவரியில் அரைகுறையாகத்தான் தெரியும். கூடத்துக்குப் போகும் முன் 2016-இல் நண்பர்கள் வீட்டில் ஆளுக்கு 20 டாலர் போட்டு ஆடுவோம். எல்லோரும் நம்மைப் போன்ற இன்ஜினியர்கள். அங்கே ஜெயித்த தைரியம்தான் என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போனது. ஊரிலிருந்து திரும்பிப் போனதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. 1, 2 டாலர் மேசையை விட்டுவிட்டு இரண்டரை மடங்கு பெரிய மேசைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வாரத்தில் ஐந்து நாள் அதையே வேலையாகச் செய்கிறவர்கள். நான் தோற்கத் தோற்க, விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று இன்னும் அதிகமாகக் கட்டினேன். தூக்கம் விழித்து ஆடினேன். ஆறு மாதத்தில் 6,400 டாலர் போயிற்று. அதில் ஒரு பகுதி, அந்த வருஷம் குடும்பத்தோடு ஊருக்கு வர எடுத்து வைத்திருந்த டிக்கெட் பணம்.

வீட்டில் சொல்லவில்லை. பாங்க் கணக்கைப் பார்த்து என் மனைவி கேட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்; போடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "நான் பால் கணக்கு, இஸ்திரி கணக்குகூட எழுதுறேன். நீங்க இதுக்குக் கணக்கு எழுதுங்க. எழுத முடியாதுன்னா ஆடாதீங்க." அவ்வளவுதான். அவர் பி.காம். படித்தவர். நாலு வருஷம் இங்கே படித்த இன்ஜினியருக்கு அந்த யோசனை வரவில்லை பாருங்கள்.

2018 செப்டம்பரில் அந்த நோட்டைத் தொடங்கினேன். பழையபடி சின்ன மேசைக்கு வந்தேன். குடும்பப் பணத்திலிருந்து தனியாக 4,000 டாலர் ஒதுக்கினோம். ஒரு தடவைக்கு 200 டாலருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, 4,000 தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது என்று ஒப்பந்தம். நோட்டில் தேதி, போன நேரம், வந்த நேரம், கொண்டுபோனது, கொண்டுவந்தது. அதோடு கடைசியில் ஒரு பத்தி: 'இன்று செய்த தப்பு'. ஜெயித்தாலும் தோற்றாலும் அதை எழுதியே ஆக வேண்டும். டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்பவர் எழுதிய 'தி தியரி ஆஃப் போக்கர்' என்ற புத்தகத்தையும் வாங்கிப் பாடப்புத்தகம் போல் படித்தேன். எதிராளியின் சீட்டு கண்ணுக்குத் தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்போமோ, அதிலிருந்து நாம் விலகும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு லாபம் என்பது அதன் சாரம்.

அந்தக் கடைசிப் பத்திதான் என்னை மாற்றியது. ஒரு நாள் 410 டாலர் ஜெயித்து வந்தேன். அன்றைய பக்கத்தில் மூன்று தப்பு எழுதியிருக்கிறது. விலை பார்க்காமல் இரண்டு தடவை கட்டியிருக்கிறேன், இரண்டு தடவையும் வேண்டிய சீட்டு வந்து தொலைத்துவிட்டது. இன்னொரு நாள் கையில் இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா. சீட்டுப் போடும் முன்பே இருவரும் இருந்த பணம் முழுவதையும் வைத்தோம். எனக்கு நூற்றுக்கு 82 வாய்ப்பு. மூன்றாவது ராஜா வந்தது. 200 டாலர் போச்சு. அன்றைய பக்கத்தில் 'தப்பு இல்லை' என்று இருக்கிறது. முதல் நாள் சந்தோஷமாகத் தூங்கியவன், இரண்டாம் நாள் தூங்கவே இல்லை. நோட்டைப் பார்த்தால் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கூடங்களை மூடினார்கள். அதுவரை 600 மணி நேரம் ஆடியிருந்தேன். லாபம் 5,340 டாலர். மணிக்கு ஏறக்குறைய 9 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2019-இல் கலிபோர்னியாவில் 26 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12 டாலர். ஹோட்டலில் தட்டுக் கழுவியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரவும் வேண்டியதில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த கணக்கு. திட்ட விலக்கம் என்று, ஸ்டாண்டர்ட் டிவியேஷன் என்று, படித்தோமே, அதை என் நோட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 90 டாலர் வந்தது. அதாவது சராசரி லாபம் 9, ஏற்ற இறக்கம் 90! நேரம் கூடக் கூட லாபம் நேர் விகிதத்தில் கூடும். ஏற்ற இறக்கம் வர்க்கமூலத்தில்தான் கூடும். 100 மணி நேரத்தில் லாபம் 900, ஏற்ற இறக்கமும் 900. ஆக உண்மையிலேயே மணிக்கு 9 டாலர் சம்பாதிக்கும் திறமை உள்ளவரும், 100 மணி நேர முடிவில் ஆறில் ஒரு வாய்ப்பில் நஷ்டத்தில் இருப்பார். 400 மணி நேரத்தில்தான் லாபம் 3,600, ஏற்ற இறக்கம் 1,800 என்று கொஞ்சம் நம்பிக்கை வரும். வாரம் இரண்டு ராத்திரி ஆடுகிறவருக்கு 400 மணி என்பது ஒரு வருஷம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எந்தத் திறமை மிச்சமும் இல்லாமல், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற அளவில் ஆடும் ஒருவர் 100 மணி நேரத்தில் 1,150 டாலரோ அதற்கு மேலோ ஜெயிக்க என்ன வாய்ப்பு? பத்தில் ஒன்று. மொட்டை மாடியில் பேசியபோது நான் ஆடியிருந்தது சரியாக 100 மணி நேரம். ஜெயித்தது 1,150. பத்துப் பேர் அமெரிக்காவிலோ எங்கேயோ போய் ஆடுகிறார்கள். ஒன்பது பேர் கல்லூரிச் சந்திப்பில் வாய் திறக்க மாட்டார்கள். பத்தாவது ஆள் மொட்டை மாடியில் உட்கார்ந்து புராபபிலிட்டி பற்றிப் பேசுவான். அந்தப் பத்தாவது ஆள் நான்.

உலகம் முழுக்க இதுதான் நடந்தது. 2003-இல் அமெரிக்காவின் டென்னிசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி இணையப் போட்டியில் நுழைந்து, அதன் வழியாக லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டிக்குப் போய், 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு அதில் ஆடியவர்கள் 839 பேர். 2006-இல் அது 8,773 ஆயிற்று. ஆளுக்கு 10,000 டாலர் கட்டணம். பத்தில் ஒன்பது பேர் ஒன்றும் இல்லாமல் திரும்பினார்கள். நமக்குப் பெயர் தெரிந்தது மனிமேக்கர் ஒருவரைத்தான். திறமை இருந்தாலும் போதாது என்பதற்கு இன்னொருவர் இருக்கிறார். ஸ்டூ அங்கர் 1980, 1981, 1997 என்று மூன்று முறை அந்தப் போட்டியை வென்றவர். சீட்டில் ஜெயித்ததைப் பந்தயங்களிலும் போதையிலும் விட்டார். 1998-இல் லாஸ் வேகாஸில் ஒரு சாதாரண லாட்ஜ் அறையில் 45 வயதில் இறந்து கிடந்தார்.

இனி அந்த ஜூனியர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த மண்டபத்தில் இருக்கிறாரா என்பதையும் சொல்ல மாட்டேன். அவர் அனுமதியோடுதான் பேசுகிறேன். 2021-இல் ஒரு நாள் இரவு போன் வந்தது. "அண்ணா, நான்தான். அன்னிக்கு மொட்டை மாடியில நீங்க சொன்னீங்கல்ல, கணக்குத் தெரிஞ்சவன் தோக்க மாட்டான்னு…" அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. ஊரடங்கு சமயத்தில் போனில் ஆட ஆரம்பித்திருக்கிறார். முதல் மாதம் ஜெயித்திருக்கிறார். பிறகு சேமிப்பு, பிறகு அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், பிறகு போனிலேயே கிடைக்கும் கடன். மொத்தம் 4 லட்சம் ரூபாய். கூடத்தில் நேரில் ஆடினால் மணிக்கு 30 ஆட்டம். போனில் நான்கு மேசையை ஒன்றாகத் திறந்து வைத்தால் மணிக்கு 250-ஐத் தாண்டும். நான் ஒரு வருஷத்தில் செய்யும் தப்பை அவர் ஆறு வாரத்தில் செய்து முடித்துவிட்டார். எதிரே இருப்பது மனிதனா, மென்பொருளா என்பதும் தெரியாது. 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய லிப்ரடஸ் என்ற நிரல், 1,20,000 ஆட்டங்களில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தோற்கடித்ததை அவரும் நானும் பத்திரிகையில் படித்தவர்கள்தான்.

அவரிடம் நான் சொல்ல ஆறுதல் ஒன்றும் இல்லை. என் நோட்டையும், நோட்டுக்கு முன்னால் போன 6,400-ஐயும் சொன்னேன். நீண்ட நேரம் கழித்து அவர் கேட்டார்: "இதை ஏன் அண்ணா அன்னிக்குச் சொல்லல?" அன்றைக்கு அந்த நஷ்டம் இன்னும் நடக்கவில்லை என்று சமாளித்திருக்கலாம். ஆனால் நடந்த பிறகு மூன்று வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லையே! ஜெயித்ததைச் சொல்ல ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது. தோற்றதைச் சொல்ல எனக்கு இந்த மேடை வரைக்கும் ஆகியிருக்கிறது. அவர் கடனை மாதச் சம்பளத்திலிருந்து கட்டி, 2024-இல் முடித்தார். என்னிடம் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பணம் கட்டி இணையத்தில் ஆடும் ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல் அது தடை செய்தது. திறமை ஆட்டம்தானே, ஏன் தடை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சி. திறமை ஆட்டம் என்பது உண்மையே. அந்தத் திறமை தன்னிடம் இருக்கிறதா என்பதை ஆடுகிறவரே தெரிந்துகொள்ள ஒரு வருஷமும் ஒரு நோட்டும் வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. அதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

சீட்டை விட்டுவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ என்று ஒன்று இருக்கிறதே, 2024-இல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மீதி ஏழு பேர்தான் ஹாஸ்டல் அறைக்கு வந்து நம்மிடம் பேசுவார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சீனியர் யாராவது, அது நானாகவே இருந்தாலும் சரி, இன்று ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து "இதில் லாபம் இருக்கு" என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரத்துக் கணக்கு? கட்டணம் போக எவ்வளவு? நோட்டு எங்கே? நோட்டு இல்லை என்றால் மரியாதையாக எழுந்து சாப்பிடப் போய்விடுங்கள்.

என் நோட்டை இன்று கொண்டு வந்திருக்கிறேன். வேண்டியவர்கள் இடைவேளையில் பார்க்கலாம். கடைசிப் பக்கத்தில் மொத்தக் கணக்கு என் மனைவியின் கையெழுத்தில் இருக்கிறது. முதலில் ஜெயித்தது 1,150. பிறகு தோற்றது 6,400. நோட்டு வைத்த பிறகு ஜெயித்தது 5,340. கூட்டிக் கழித்தால், கூடத்தில் நான் ஆடிய மூன்று வருஷத்தில் நிகர லாபம் 90 டாலர். அதன் கீழே அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'பெட்ரோல் செலவு சேர்க்கவில்லை.'

கூடங்கள் திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை. 2022-இல் ஊருக்கே வந்துவிட்டோம். இப்போது என் வேலையில் ஒரு முடிவு எடுக்கும்போது, என்ன ஆயிற்று என்பதை ஒரு பத்தியிலும், எடுத்தபோது அது சரியான முடிவா என்பதை இன்னொரு பத்தியிலும் எழுதும் பழக்கம் மட்டும் மிச்சம். போக்கர் எனக்குத் தந்த உருப்படியான லாபம் அதுதான்.

மொட்டை மாடியில் நான் சொன்னதை இந்த மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் தம்பியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.